தோட்டத் தொழிலாளியான மனைவியும் தாபரிப்புச் சட்டமும் – ஒரு வரலாற்று நோக்கு

கணவனும் மனைவியும் பிரிந்த பின்னர் ஒருவரை மற்றவர் தாபரிக்கும் கடப்பாடு எந்த அளவிற்கு நீடிக்கின்றது என்னும் வினா, குடும்பச் சட்டத்தின் பழைமையான வினாக்களுள் ஒன்றாகும். காணியும் வீடும் உள்ள குடும்பங்களில் இவ்வினா சொத்துப் பங்கீட்டோடு சேர்ந்தே எழும். பங்கிடுவதற்கு எதுவுமில்லாத குடும்பங்களிலோ அது மாத வேதனம் ஒன்றையே பற்றி நிற்கும். இலங்கையின் மத்திய மலைநாட்டில், நுவரெலியா, ஹற்றன் ஆகிய பகுதிகளைச் சூழவுள்ள தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் நிலை நெடுங்காலமாக இவ்விரண்டாம் வகையினதாகவே இருந்துள்ளது. அவர்கள் குடியிருந்த லயத்து அறை தோட்டத்திற்குரியது. அவர்கள் உழைத்த மண்ணும் தோட்டத்திற்குரியது. ஆகவே, கைவிடப்பட்ட ஒரு தோட்டத்துப் பெண் நீதிமன்றத்தில் கேட்கக்கூடியது, கணவனின் நாட்கூலியிலிருந்து ஒரு பங்கு மட்டுமேயாகும்.

அப்பங்கு எவ்வாறு தீர்மானிக்கப்படுகின்றது என்பதை ஆராயும்போது ஒரு முரண்பாடு புலனாகின்றது. தாபரிப்புச் சட்டம் பிறந்த காலத்தில் அது மனத்திற்கொண்ட மனைவி, வீட்டில் இருந்து கணவனின் வருவாயில் வாழ்பவள். தோட்டத்து மனைவியோ தொடக்கம் முதலே கூலி பெறும் தொழிலாளி. பிற்காலச் சட்டம் அவளுடைய வருவாயையும் கணக்கில் எடுக்க முன்வந்தது. ஆனால், அவ்வருவாய் யார் கையில் சேர்ந்தது என்னும் வரலாறு அக்கணக்கினுள் தானாக வந்து சேர்வதில்லை. இம்முரண்பாட்டை வரலாற்று முறையில் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஓராண்டில் பிறந்த மூன்று சட்டங்கள்

மனைவியைக் கைவிடுதல் பற்றிப் பிரித்தானிய ஆட்சியினர் இலங்கையில் முதலில் இயற்றிய விதி குடும்பச் சட்டத்தில் இடம்பெறவில்லை. 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்திலேயே இடம்பெற்றது. மனைவி மக்களை ஆதரவின்றி விட்டுச் செல்பவன் அச்சட்டத்தின்கீழ்த் தண்டனைக்குரியவனானான். ஆதரவற்றோர் பொதுப் பணத்திற்குச் சுமையாகிவிடக் கூடாது என்பதே அதன் உள்நோக்கம் எனலாம். பெண்ணின் உரிமை என்னும் எண்ணம் அங்கு முதன்மை பெறவில்லை.

1889 ஆம் ஆண்டு இவ்வகையில் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையாகும். விவாகரத்து வழக்கு நடத்தும் முறையும், வழக்குக் காலத்திலும் தீர்ப்பின் பின்னும் அளிக்கப்படும் பணம் பற்றிய விதிகளும் அதில் அடங்கின. 13 ஆம் இலக்கச் சட்டம் தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர் பற்றியது. 19 ஆம் இலக்கச் சட்டம் தாபரிப்புக் கட்டளைச் சட்டமாகும். ஒரே ஆண்டில், ஒரே சட்டசபை, தொழிலாளியை ஒரு சட்டத்திலும் மனைவியை வேறொரு சட்டத்திலும் வைத்து நோக்கியது. இருவரும் ஒருவரேயாக இருத்தல் கூடும் என்பது இச்சட்டங்களை இணைத்து நோக்கும்போதே தெரியவரும்.

தாபரிப்புக் கட்டளைச் சட்டத்தின் அமைப்பு எளிமையானது. போதிய வசதியுடைய ஒருவன் தன் மனைவியையோ, தன்னைத்தானே காத்துக்கொள்ள இயலாத தன் பிள்ளையையோ தாபரிக்கத் தவறினால் அல்லது மறுத்தால், நீதவான் மாதந்தோறும் ஒரு தொகையைக் கட்டுமாறு கட்டளையிடலாம். பிரித்தானிய இந்தியாவின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்திலிருந்த விதியும் ஏறத்தாழ இதே சொற்களைக் கொண்டது. இங்கு 'காத்துக்கொள்ள இயலாத' என்னும் அடைமொழி பிள்ளையையே சார்ந்து நின்றமை கவனித்தற்குரியது. மனைவிக்கு அந்நிபந்தனை விதிக்கப்படவில்லை. அவள் மனைவி என்பதும், அவன் தாபரிக்கவில்லை என்பதும், அவனுக்கு வசதி உண்டு என்பதும் நிறுவப்பட்டாற் போதுமானது.

ஆயினும் வேறு நிபந்தனைகள் இருந்தன. மனைவி பிறன்பால் ஒழுகுபவளாக இருந்தாலோ, போதிய காரணமின்றிக் கணவனுடன் வாழ மறுத்தாலோ, இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்ந்தாலோ கட்டளை கிடையாது. தன்னுடன் வந்து வாழ்ந்தால் தாபரிப்பேன் என்று கணவன் கூறலாம். அவள் மறுப்பதற்குரிய காரணத்தை நீதவான் எடைபோடுவார். பிரிந்து செல்லும் பெண் புகுவதற்குப் பெற்றோரின் லயத்து அறையைத் தவிர வேறிடம் அரிதான தோட்டத்தில், 'ஏன் அவனுடன் வாழ மறுக்கின்றாய்?' என்னும் வினாவுக்கு விடையளிப்பது எளிதன்று. சுவர் ஒன்றே இடையிட்ட அறைகளில் நடந்தவற்றிற்கு அயலவரே சாட்சிகள். அவர்களும் அதே கணவனுடன் நாளை மலையில் வேலை செய்ய வேண்டியவர்கள்.

2. பேரேட்டில் பெயரும் கையில் காசும்

கோப்பிப் பயிர்ச்செய்கை பருவகால உழைப்பை வேண்டி நின்றது. அக்காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தோருட் பலர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பும் ஆடவராவர். 1869 ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1867 இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கப்பட வேண்டிய பயிர். ஆகவே அதற்கு நிலையாகத் தங்கும் குடும்பங்கள் தேவைப்பட்டன. கொழுந்து பறித்தல் பெண்களின் வேலையாயிற்று. தோட்டத்துக் குடும்பம் என்பது ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் கூலி பெறும் ஓர் உழைப்புக் கூட்டாக அமைந்தது இவ்வாறேயாகும்.

இக்கூட்டில் பெண்ணின் உழைப்புக்கு விலை குறைவாகவே மதிக்கப்பட்டது. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின்கீழ் 1929 இல் நடைமுறைக்கு வந்த விகிதங்கள் இதனை வெளிப்படையாகக் காட்டுகின்றன. மலைநாட்டின் உயர்ந்த பகுதிகளில் ஆடவருக்கு நாளொன்றுக்கு 54 சதமும், பெண்டிருக்கு 43 சதமும், சிறுவருக்கு 32 சதமும் விதிக்கப்பட்டன. பெண்ணின் கூலி ஆணின் கூலியில் ஐந்தில் நான்கு பங்களவே இருந்தது. சட்டமே விதித்த வேறுபாடு இதுவாகும்.

கூலி குறைவு என்பது ஒருபுறம் இருக்க, அக்கூலி யார் கையில் சேர்ந்தது என்பது அதனினும் முக்கியமானது. பேரேட்டில் பெண்ணுக்குத் தனிப் பெயர் உண்டு. அவள் வேலைக்குச் சென்ற நாட்கள் அப்பெயருக்கு எதிரே குறிக்கப்பட்டன. ஆயினும், சம்பள நாளில் கணவனோ தந்தையோ குடும்பத்தின் கூலியைச் சேர்த்துப் பெறும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. றேச்சல் குரியன் எழுதி, சர்வதேச தொழில் அமைப்பு 1982 இல் வெளியிட்ட இலங்கைப் பெருந்தோட்டப் பெண் தொழிலாளர் பற்றிய ஆய்வு நூல், தோட்டத்துப் பெண்ணின் உழைப்பையும் குடும்பத்தினுள் அவளது தாழ்நிலையையும் இணைத்து நோக்கிய முன்னோடி முயற்சியாகும். உழைப்பு பெண்ணினது, கணக்கு அவள் பெயரிலானது, காசு மட்டும் ஆணின் கையது என்னும் நிலை தாபரிப்பு வழக்கில் எத்தகைய விளைவை உண்டாக்கும் என்பது பின்னர்க் காட்டப்படும்.

3. மனைவி என்பதற்குச் சான்று

தாபரிப்புக் கேட்கும் பெண் முதலில் தான் சட்டப்படி மனைவி என்பதை நிறுவ வேண்டும். மலையகத் தமிழரை யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் ஆள்வதில்லை. அவர்கள் நாட்டின் பொதுச் சட்டத்திற்கே உட்பட்டவர்கள். 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் அவர்களுக்கு ஏற்புடையது. எனினும் பதிவு செய்யப்படாமை ஒன்றினாலேயே வழக்காற்று முறையிலான திருமணம் செல்லாததாகிவிடுவதில்லை. உரிய சடங்குகள் நடந்தமையையோ, இருவரும் கணவன் மனைவியராக வாழ்ந்து அவ்வாறே ஊராரால் மதிக்கப்பட்டமையையோ சான்றுகளால் நிறுவலாம்.

தோட்டத்து மாரியம்மன் கோவிலில் தாலி கட்டி, உறவினர் முன்னிலையில் நடந்த திருமணம் சமூகத்தின் கண்ணில் முழுமையானதே. நீதிமன்றத்தில் அதனை நிறுவுவதற்கோ சாட்சிகள் வேண்டும். பதிவுச் சான்றிதழ் ஒரு தாளிற் காட்டிவிடுவதை, பதிவில்லாத பெண் பலருடைய வாய்ச்சொல்லால் காட்ட வேண்டியுள்ளது. வேலை நாளை இழந்து நகரத்து நீதிமன்றத்திற்கு வரும் சாட்சி ஒவ்வொருவரும் ஒருநாட் கூலியை இழக்கின்றார். இவ்விடர்ப்பாடே பல பிணக்குகளைத் தோட்டத்துப் பஞ்சாயத்தின் முன்னும் தொழிற்சங்கத் தலைவர் முன்னும் நிறுத்தியது எனக் கொள்ளலாம். பஞ்சாயத்து சமரசம் செய்யலாம், கணவனைக் கண்டிக்கலாம். ஆனால் மாதந்தோறும் பணத்தைக் கட்டுவிக்கும் அதிகாரம் அதற்கில்லை.

4. குடியுரிமையும் பிரிந்த குடும்பங்களும்

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் விண்ணப்பித்துப் பிரசாவுரிமை பெற வழிவகுத்தது. 1946 சனவரி 1 ஆம் திகதிக்கு முன்னர், மணமானவர் 7 ஆண்டுகளும் ஏனையோர் 10 ஆண்டுகளும் இடையறாது இலங்கையில் வதிந்தமையைக் காட்ட வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. அதுவரை குடும்பத்தின் உள்விவகாரமாக இருந்த மணநிலை, இவ்வாறு அரசியல் உரிமைக்குரிய சான்றாக மாறியது.

1964 அக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதெனத் தீர்மானித்தது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்வதென 1974 இல் முடிவாயிற்று. எண்களைப் பகிர்வது எளிது. குடும்பங்களைப் பகிர்வது அவ்வாறன்று. மணமுறிவு கடலின் இருபுறத்திற்கும் உரியதாகும்போது, தாபரிப்புக் கட்டளை தன் வலிமையை இழக்கத் தொடங்குகின்றது. ஹற்றன் நீதவான் பிறப்பிக்கும் கட்டளை, நீலகிரியில் வேலை செய்யும் கணவனின் கூலியைத் தானாகச் சென்று பற்றாது. நாடற்றோர் பிரச்சினை 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டத்தினாலும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தினாலும் பெருமளவில் தீர்க்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் கழிந்த தாபரிப்பை அச்சட்டங்கள் மீட்டுத் தர இயலாது.

5. சமகூலியும் புதிய சட்டமும்

1984 ஆம் ஆண்டு மலையக வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் நடைபெற்ற பெரும் வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்து ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்கூலி ஏற்கப்பட்டது. தொழிலாளி என்ற முறையில் பெண் பெற்ற இவ்வெற்றி மறுக்கவியலாத சிறப்புடையது.

பதினைந்து ஆண்டுகளின் பின்னர், 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் 1889 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. இதில் 'மனைவி' என்ற சொல்லின் இடத்தில் 'வாழ்க்கைத்துணை' என்ற பொருள்படும் சொல் அமைந்தது. கணவனும் மனைவியிடம் தாபரிப்புக் கேட்கலாம் என்பது இதன் விளைவு. தோட்டத்தை விட்டுக் கொழும்பிற்கும் மேற்காசியாவிற்கும் வீட்டு வேலைக்குச் சென்று குடும்பத்தைக் காக்கும் பெண்கள் பெருகிய காலத்தில் இம்மாற்றம் வெறும் ஏட்டளவினதன்று.

மற்றொரு மாற்றம் அதனினும் ஆழமானது. தன்னைத்தானே காத்துக்கொள்ள இயலாத வாழ்க்கைத்துணைக்கே தாபரிப்பு உரியது எனப் புதிய சட்டம் கூறுகின்றது. முன்னர்ப் பிள்ளையை மட்டும் சார்ந்து நின்ற அடைமொழி இப்போது துணையையும் சார்ந்தது. தொகையைத் தீர்மானிக்கும்போது கட்டுபவரின் வருவாயையும், கேட்பவரின் வசதியையும் சூழ்நிலையையும் நீதவான் நோக்க வேண்டும். இருபாலாரையும் சமமாக நடத்தும் சட்டத்தில் இந்நிபந்தனை நியாயமானதே. ஆனால் அதனைக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் வழக்கில் பொருத்திப் பார்த்தல் வேண்டும்.

2021 ஆம் ஆண்டில் வேதனச் சபை நாட்கூலியை 1,000 ரூபாவாக நிர்ணயித்தது. அவ்விகிதத்தில் மாதம் 20 நாட்கள் வேலை செய்த ஒருவருக்கு 20,000 ரூபா சேரும். ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் செலுத்தும் 8 வீதமாகிய 1,600 ரூபாவைக் கழித்தால் 18,400 ரூபா எஞ்சும். முற்பணங்களும் சங்கச் சந்தாவும் அதன்பின்னரே கழியும். கணவனும் மனைவியும் ஒரே தோட்டத்தில் வேலை செய்பவராயின் இருவருடைய சம்பளச் சீட்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். 'எனக்கு வரும் கூலியே அவளுக்கும் வருகின்றது. அவள் எவ்வாறு இயலாதவள் ஆவாள்?' என்று கணவன் தரப்பில் வாதிக்கலாம். 1984 இல் தொழிலாளியாகப் பெற்ற சமத்துவமே, மனைவியாக அவள் கேட்கும் உரிமைக்கு எதிரான சான்றாக நிறுத்தப்படும் நிலை இதுவாகும்.

இவ்வாதத்தின் குறைபாடு வரலாற்றை நோக்கினாற் புலப்படும். இருவர் கூலியும் ஒன்றுசேர்ந்தே ஒரு தோட்டத்துக் குடும்பம் வாழ்கின்றது. ஒருவர் கூலியில் ஒரு குடும்பம் வாழ்வதற்கு ஏற்றவாறு தோட்டக் கூலி ஒருபோதும் அமைக்கப்பட்டதன்று. பிரிவின் பின்னர் பிள்ளைகள் தாயுடன் இருப்பின், பிள்ளைக்கு நோய் வந்த நாளில் பெயர் விழாதது அவளுக்கேயாகும். பிள்ளைகளுக்கான தாபரிப்பு தனியே கேட்கப்படலாம் என்பது உண்மை. அது தாயின் இழந்த வேலை நாளை ஈடுசெய்வதில்லை. மேலும், மணவாழ்வின் ஆண்டுகளில் அவளுடைய கூலி கணவன் கையில் சேர்ந்திருப்பின், பிரியும் நாளில் அவளிடம் சேமிப்பு என ஒன்றும் இராது. சட்டம் கூறும் 'சூழ்நிலை' என்னும் சொல் இவையனைத்தையும் உள்ளடக்கக் கூடியது. அச்சொல்லை நிரப்பும் பொறுப்பு அவளுடைய சட்டத்தரணியையும் நீதவானையும் சார்ந்தது.

இதே வினா இந்தியாவிலும் எழுந்தது. ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியோருட் பலருக்குத் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் வேலை வழங்கப்பட்டது. அவர்கள் சென்றடைந்த நாட்டில் 1973 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 125 ஆம் பிரிவும் தன்னைக் காத்துக்கொள்ள இயலாத மனைவி என்றே கூறியது. சதுர்புஜ் எதிர் சீதா பாய் என்னும் வழக்கில் 2007 இல் தீர்ப்பளித்த இந்திய உயர் நீதிமன்றம், எவ்வாறோ உயிர் வாழ்வதற்கு வேண்டிய சிறு வருவாய் இருப்பது மட்டும் ஒரு பெண்ணின் உரிமையை அழித்துவிடாது என விளக்கியது. கணவனுடன் வாழ்ந்த காலத்து வாழ்க்கை நிலையும் நோக்கப்பட வேண்டும் என்பது அத்தீர்ப்பின் கருத்து. 2024 சூலை 1 முதல் அப்பிரிவின் இடத்தில் புதிய சட்டத்தின் 144 ஆம் பிரிவு நடைமுறையில் உள்ளது. இலங்கை நீதிமன்றங்களை அத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது. எனினும் ஒரே சொற்றொடருக்கு மனிதத்தன்மை வாய்ந்த பொருள் கொள்ளுதல் இயலும் என்பதற்கு அது சான்றாகும்.

6. விவாகரத்தின் வாயில்

இதுவரை கூறியது மணம் நிலைத்திருக்கும்போதே நீதவான் நீதிமன்றத்தில் கேட்கப்படும் தாபரிப்பைப் பற்றியதாகும். விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்திற்குரியது. பொதுச் சட்டத்தின்படி பிறன்மனை ஒழுக்கம், தீய நோக்குடன் கைவிடல், மணக்காலத்திலிருந்தே உள்ள தீராத ஆண்மையின்மை என்னும் காரணங்களுள் ஒன்றை நிறுவ வேண்டும். தீர்ப்பளிக்கும்போது ஒரு தொகையை மொத்தமாகவோ, மாதந்தோறுமோ ஆண்டுதோறுமோ கட்டுமாறும், சொத்தை எழுதிக் கொடுக்குமாறும் கட்டளையிட நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 615 ஆம் பிரிவு இடமளிக்கின்றது. தீர்ப்பின் பின்னர் அவள் வாழ்க்கைத்துணை அல்லள்; ஆதலின் கேட்க வேண்டியதை அத்தீர்ப்பிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். தன் பெயருக்கு விவாகரத்து அழைப்பாணை வந்தும் மாவட்ட நீதிமன்றத்திற்குச் செல்லாதிருக்கும் பெண் இழப்பது மணத்தை மட்டுமன்று.

அயலிலுள்ளோரின் நிலையோடு ஒப்பிடின் வேறுபாடு விளங்கும். மலையடிவாரக் கிராமத்தில் வாழும் கண்டிச் சிங்களவர், 1952 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் மணம் செய்திருப்பின், இருவரும் மனமொத்து மாவட்டப் பதிவாளர் முன் விவாகரத்துப் பெறலாம். நகரத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு 1951 ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ்க் காதி நீதிமன்றம் உண்டு. இவ்வமைப்புகளுக்கு அவற்றிற்குரிய குறைகள் இருத்தல் கூடும். எனினும், தோட்டத்துத் தம்பதிகள் குற்றத்தை நிறுவும் வழக்கை மாவட்ட நீதிமன்றத்தில் சட்டத்தரணி வைத்து நடத்த வேண்டியவராய் உள்ளனர். அதற்காகும் செலவை நாட்கூலியோடு ஒப்பிட்டு நோக்கின், பலர் விவாகரத்தின்றியே பிரிந்து வாழ்வதன் காரணம் தெளிவாகும்.

முடிவுரை

1841 இல் தாபரிப்பு ஊர்க்காவலின் ஒரு பகுதியாக இருந்தது. 1889 இல் அது மனைவியின் உரிமையாயிற்று. 1999 இல் இருபாலாருக்கும் பொதுவாயிற்று. இவ்வளர்ச்சி முன்னேற்றமே. ஆயினும் ஒவ்வொரு கட்டத்திலும் சட்டம் தன் முன்னே நிறுத்திய பெண், தேயிலை மலையில் கூடையுடன் நிற்கும் பெண் அல்லள். கூலி பெறுவதனாலேயே ஒருத்தி தன்னைக் காத்துக்கொள்ள வல்லவள் ஆகிவிடுவாள் எனக் கொள்வது, நூறாண்டுக்கு மேலாக அக்கூலி அமைந்த விதத்தை மறப்பதாகும்.

ஆகவே செய்ய வேண்டியவை சில உள. திருமணங்கள் யாவும் பதிவு செய்யப்படுதல் வேண்டும். தாலியின் புனிதத்தை அது குறைக்காது, தாலி அணிந்தவளின் உரிமையை அது காக்கும். பெண்ணின் வேதனம் அவள் கையிலேயே, அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே சேர்தல் வேண்டும். சம்பளச் சீட்டைப் பாதுகாத்து வைக்கும் பழக்கத்தைத் தொழிற்சங்கங்கள் வளர்த்தல் வேண்டும். கட்டுபவனின் வசதியை நிறுவுவதற்கும் கேட்பவளின் போதாமையை நிறுவுவதற்கும் அதுவே முதற்சான்று. சட்டம் பயிலும் மலையக மாணவரும் மாணவியரும் தம் மக்களின் மொழியிலேயே இச்சட்டத்தை எடுத்துரைத்தல் வேண்டும். இவை நிறைவேறும்போது, நீதவான் முன் நிற்கும் பெண் கேட்பது இரக்கமன்று, தன் உழைப்பும் சேர்ந்து உருவாக்கிய குடும்ப வருவாயில் தனக்குரிய பங்கையே என்பது ஐயத்திற்கிடமின்றி விளங்கும்.